பிறவிக் கோளாறா, பட்ட அடியா

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் தென்காசியில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு லாபம் உண்டு. லாட்ஜ்காரருக்கு அறை நிரம்பும். சிப்ஸ் கடைக்காரருக்குச் சட்டி காயாது. ஒன்றுமில்லாதவருக்கும் ஓசியில் சாரல் கிடைக்கும். மூக்குக்கண்ணாடிக் கடை விஜயசங்கருக்கு மட்டும் அது துக்க காலம். ஊரெல்லாம் அருவிக்குக் குளிக்கப் போகும். போன இடத்தில் பாறை இடுக்கில் ஒரு காசு காலில் தட்டுப்படும். தண்ணீரிலும் கூழாங்கல்லிலும் பல காலம் உருண்டு, விளிம்பு தேய்ந்து, சிங்கத்துக்கு மூக்கில்லாமல் இருக்கும். கண்டெடுத்தவருக்குத் தலை துவட்டக்கூடப் பொறுமை இருக்காது. ஈரத் துண்டோடு பஸ் ஏறி நேராகக் கடைக்கு வந்துவிடுவார்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. லட்சக்கணக்குல போகும்னு வீடியோவுல சொல்லுதான்."

விஜயசங்கர் பார்ப்பார். லென்சைக் கண்ணில் பொருத்தி, விளக்கைச் சாய்த்து, இரண்டு பக்கமும் புரட்டி, விளிம்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சிலேயே தீர்ப்பு இருக்கும். ஆனாலும் வாயால் கேட்டால்தானே ஜனங்களுக்குத் திருப்தி.

"அஞ்சு ரூபா."

"அஞ்சு லட்சமா?"

"அஞ்சு ரூபா. காசுலயே போட்டிருக்குல்லா."

இதனால் அவருக்கு 'அஞ்சு ரூபா அண்ணாச்சி' என்று பெயர் விழுந்தது. பத்து ரூபாய்க் காசைக் கொண்டு வந்தவர்களும் அப்படியே அழைத்தார்கள்.

இந்தப் பெருமை அவரைத் தேடி வந்த கதை மிகச் சிறியது. கல்யாணம் ஆகாத காலத்தில் கடையநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் ஒரு இரண்டு ரூபாய்க் காசு வந்தது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறை மாதிரி வெறுமையாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதை டீக்கடையில் தள்ளிவிட்டு நிம்மதியாக வாழ்ந்திருப்பார்கள். விஜயசங்கர் ஏன் இப்படி என்று யோசித்தார். யோசித்ததோடு விடாமல் விசாரித்தார், படித்தார், சென்னைக்குப் போய் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினார். அசல் அச்சுப் பிழைதான் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் தென்காசியில் உருப்படியாக ஒன்றும் நடக்காததால் ஒரு பத்திரிகைக்காரர் அதைப் படத்தோடு போட்டுவிட்டார். அன்றைக்குப் போன நிம்மதி ஐம்பத்து நான்கு வயதாகியும் திரும்பவில்லை. இடையில் கைபேசியும் வீடியோவும் வந்து, மாவட்டத்தில் உள்ள காசு முழுவதையும் சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிட்டன.

விஷயம் பெரிய வேதாந்தம் ஒன்றும் இல்லை. காசு பிறக்கிற இடம் நாணயச் சாலை. வெறும் உலோக வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து ஒரே குத்து. குத்து விழும்போது வில்லை நகர்ந்திருந்தால் படம் ஒதுங்கும். வில்லையே ஓரம் வெட்டுப்பட்டு வந்திருந்தால் காசும் குறையோடு பிறக்கும். அச்சில் விரிசல் இருந்தால் காசின் முகத்தில் மெல்லிய வரப்பு எழும்பி நிற்கும். இவை பிறவிக் கோளாறுகள், இவற்றுக்குத்தான் மதிப்பு. அந்த வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகு நடப்பதெல்லாம் வாழ்க்கை. ரயில் ஏறும், அடுப்பில் விழும், ஆற்றில் உருளும், கோயில் எண்ணெயில் ஊறும். வாழ்க்கையில் பட்ட அடிக்கு எந்தச் சந்தையிலும் விலை கிடையாது. இதை விஜயசங்கர் எத்தனை பேரிடம் சொன்னாலும் எல்லாரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி அண்ணாச்சி, இந்தக் காசுக்கு?" என்பார்கள்.

பக்கத்துக் கடை மசூதும் கேட்டவர்தான். சிப்ஸ் போடும் அடுப்பில் விழுந்து கறுத்த ஒரு பத்து ரூபாய்க் காசை, உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்று மூன்று தடவை கொண்டு வந்தார். மூன்றாம் தடவை அதே காசைப் புளி போட்டுத் தேய்த்து, வேறு காசு என்று சொல்லிக் கொண்டு வந்தார். அதிலிருந்து இருவரும் நெருங்கிய சிநேகிதர்கள்.

கடைக்கு வருகிறவர்களில் கண் தெரியாமல் வருகிறவர்களைவிடக் காசு தெரிந்து வருகிறவர்கள் அதிகம் என்றாலும், விஜயசங்கர் அந்தக் கடையை விடத் தயாராக இல்லை. இருபது வருஷமாக அதே இடம். கண்ணாடி மறந்துவிட்டு வந்தவர்கள்கூடத் தடவிக்கொண்டே வந்து சேர்ந்துவிடுகிற இடம். அதை விட்டால் இந்த வயதில் வேறு வாசல் தேடி நிற்க அவர் உடம்பில் தெம்பில்லை. ஆனால் இந்த ஆடியோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. ஒரு கைபேசிக் கடைக்காரர் அந்த இடத்தைக் கேட்டு நடையாய் நடக்கிறார் என்று மசூது தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவு சொல்ல வேண்டியவர் கட்டடத்தின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் இசக்கிதுரை.

அந்த இசக்கிதுரை ஒருநாள் சாயங்காலம் கடைக்குள் வந்தார். விஜயசங்கர் எழுந்து நின்றார். ஒப்பந்தம் என்று நினைத்தார். இன்ஸ்பெக்டர் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஒப்பந்தத்துக்கு எதற்கு ஷட்டர் என்று யோசிப்பதற்குள், கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். விஜயசங்கர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஐந்து ரூபாய்க் காசு. மஞ்சளாக மினுங்க வேண்டிய பித்தளைக் காசு, செம்பு மாதிரி சிவந்திருந்தது.

"பாத்தேரா? செம்புவே! பித்தளையில அடிக்க வேண்டியத மாத்திச் செம்புல அடிச்சுட்டான். வீடியோவுல இதே மாதிரி ஒண்ணுக்கு என்ன வெல சொன்னான்னு தெரியுமா? உமக்கு நெஞ்சு அடைச்சுரும், அதனால சொல்லல."

"எங்க கெடச்சுது சார்?"

"எங்க அப்பா ஒளிச்சு வச்சது. சாரல் அடிச்சுச் செவுரு ஒழுகுதுன்னு பூசை அலமாரியில சாமி படத்தயெல்லாம் எறக்குனேன். முருகர் படத்துக்குப் பின்னால ஒரு கந்தல்ல சுத்தி இருந்துச்சு. கூட ஒரு காஞ்ச உருண்ட. கொட்டப்பாக்கு போல. அதத் தூரப் போட்டுட்டேன்."

விஜயசங்கர் காசை லென்சில் பார்த்தார். "அப்பா தவறினது எப்ப சார்?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு. ஏன்?"

"காசுல ரெண்டாயிரத்துப் பத்துன்னு போட்டிருக்கு."

இசக்கிதுரை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. முப்பது வருஷ சர்வீஸ். "அப்ப வருசத்தயும் தப்பா அடிச்சிருக்கான்வே! ரெண்டு தப்பு! வெல ரெட்டிப்பா ஆகுமா ஆகாதா?"

காசு அன்றிரவு விஜயசங்கரிடம் இருக்கட்டும் என்று முடிவானது. மறுநாள் காலையில் இசக்கிதுரை வருவார், விஜயசங்கர் காசைக் கையில் பிடித்தபடி, 'இது அசல் அச்சுப் பிழை' என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து, காசு வாங்கும் மதுரைக்காரர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். "அத முடிச்சுட்டு அக்ரிமெண்டப் பேசிருவோம்," என்று சொல்லிவிட்டு, ஷட்டரைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

மசூது உடனே ஆஜர். "என்ன அண்ணாச்சி, செம்பா?"

"செம்பும் இல்ல சொம்பும் இல்ல. மேல மட்டும் செவந்திருக்கு. விளிம்புல ரெண்டு எடத்துல மஞ்சப் பித்தளை அப்படியே தெரியுது. எடையும் மாறல. எதோ புளிச்ச சமாச்சாரம் பட்டு ஊறியிருக்கு."

"அத எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய? அவுக கிட்ட செம்புன்னு சொல்லிட்டு அக்ரிமெண்ட வாங்குங்க. மதுரக்காரன் மூஞ்சில அடிச்சான்னா, அது அவுகளுக்கும் மதுரைக்கும் உள்ள பிரச்சின."

குத்துக்கல்வலசையில் வீட்டிலும் இதே தீர்ப்புதான். மனைவி உமா மகேஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டபடி, "அவரு சந்தோசத்துக்கு ஒரு வார்த்த சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள். விஜயசங்கருக்கு அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. தட்டில் தோசை ஆறிப்போகிற வரை, 'அசல் அச்சுப் பிழை' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். தாராளமாக வந்தது.

ஆனால் பொய் சொல்வதற்கு மனிதனுக்குத் தெம்பு வேண்டும். சொல்கிற நேரத்துக்கு மட்டுமல்ல, சொன்ன பிறகுதான் அதிகம் வேண்டும். இருபது வருஷமாக இல்லை என்றே சொல்லி வந்தவர் ஒரு காசுக்கு ஆமாம் என்று, அதுவும் வீடியோவில் சொல்லிவிட்டால், விடிந்ததும் சங்கரன்கோவில் வரைக்கும் உள்ள ஜனம் சிவந்த காசு, கறுத்த காசு, பச்சைக் காசோடு வாசலில் நிற்கும். இன்ஸ்பெக்டர் காசுக்கு மட்டும் ஒரு நியாயமா என்று கேட்கும். அத்தனை பேருக்கும் விளக்கம் சொல்வதை நினைத்தபோது அவருக்கு இப்போதே கால் வலித்தது. உண்மை சொன்னால் கடை போகும், பொய் சொன்னால் கடை இருக்கும், ஆனால் அதற்குள் உட்கார முடியாது. இவ்விதமாகச் சத்தியத்தின் பக்கம் அவர் சாய்ந்ததற்கு முழுக் காரணம் அலுப்பு.

மறுநாள் இசக்கிதுரை துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். கைபேசியை மசூதின் கையில் கொடுத்தார். "ஏலே மசூது, காசு நல்லாத் தெரியணும், பொறவு நான் தெரியணும். இவரு தெரிஞ்சாலும் ஒண்ணுதான் தெரியாட்டாலும் ஒண்ணுதான். ம், ஆரம்பியும்வே."

விஜயசங்கர் காசைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"சார், தண்ணியில ஒரு பொணம் மெதக்குது. நீங்க போய்ப் பாக்கீங்க. மொதல்ல என்ன கேப்பீங்க?"

"என்னவே, காசப் பத்திப் பேசச் சொன்னா பொணத்தப் பத்திப் பேசுதீரு!"

"விழுந்து செத்தானா, செத்த பொறவு விழுந்தானான்னுதானே கேப்பீங்க? இதுவும் அதேதான் சார். இந்தச் செவப்பு பொறக்கும்போதே வந்ததா, பொறந்த பொறவு வந்ததா? செம்புல அடிச்ச காசுன்னா உள்ளயும் வெளியயும் ஒரே நெறமா இருக்கணும். இங்க விளிம்புல பாருங்க, மஞ்ச. இன்னொண்ணு, இந்த லென்சுல பாருங்க. நெறம் ஒரே சீரா இல்ல. குறுக்கும் நெடுக்குமா, கட்டம் கட்டமா கறை. ஊடும் பாவும் மாதிரி. இது ஒரு துணி..."

"துணியா? எந்தத் துணி?"

"இந்தத் துணி," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

இசக்கிதுரையின் மனைவி மாடத்தி நின்றிருந்தார். அலமாரியை ஒதுங்க வைக்கப் போனவர், நேராக இங்கே வந்திருந்தார். கையில் ஒரு பழுப்புக் கந்தல். ஒரு காலத்தில் மஞ்சள் துணியாக இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, இவுகளக் கொஞ்சம் கேளுங்க. முருகர் படத்துக்குப் பின்னால இருந்த முடிச்ச அவுத்தது யாருன்னு."

"முடிச்சா?" என்றார் இசக்கிதுரை.

"நேந்து முடிஞ்சு வச்சது. நீங்க சஸ்பெண்டாகி வீட்டுல கெடந்தீங்கள்ல, அப்ப. வேல திரும்பக் கெடச்சா திருமலை முருகன் கோயிலுக்கு வந்து மொட்ட போட்டு, இந்தக் காச உண்டியல்ல சேக்கோம்னு."

"யாரு மொட்ட?"

"நானா சஸ்பெண்டானேன்?"

மசூது கைபேசியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். இசக்கிதுரையின் கை தானாகத் தலைக்குப் போனது. அறுபத்து நான்கு வயதிலும் அவருக்குத் தலை நிறைய முடி. அதற்கு மாதம் இரண்டு தடவை சாயமும், சட்டைப் பையில் தனிச் சீப்பும் உண்டு. பழைய ஸ்டேஷன்களில் அவர் பெயர் மறந்தவர்களுக்கும் அந்தத் தலை ஞாபகம் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"வருசா வருசம் சொல்லுதேன். 'பாப்போம் பாப்போம்'ங்கீங்க. ரிட்டயர்டும் ஆயாச்சு. இன்னும் பாத்துக்கிட்டே இருக்கீங்க." மாடத்தி விஜயசங்கரின் கையில் இருந்த காசைப் பார்த்தார். கிட்டே வந்து மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. "ஆனா தம்பி, நான் முடிஞ்சது மஞ்சக் காசுல்லா. இது செவப்பால்லா இருக்கு?"

மூழ்குகிறவருக்குத் தோணி கிடைத்தது போல இசக்கிதுரை துள்ளினார். "பாத்தியா! இது வேற காசு! இது எங்க அப்பா காசு! ஒன் காச எலி இழுத்துட்டுப் போயிருக்கும்." பிறகு விஜயசங்கரின் தோளில் கை போட்டு லென்ஸ் பீரோவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். இருபது வருஷத்தில் அவர் தோளில் கை போட்டது அதுதான் முதல் தடவை. "வே சங்கரு, நல்லா யோசிச்சுச் சொல்லும். நாணயச் சாலையிலயே செவப்பாப் பொறந்திருந்தா, அது அவ காசு இல்ல. அப்படித்தானே? வெல கெடக்கு கழுத, எனக்கு ஒரு பைசா வேண்டாம். பொறந்ததே அப்படின்னு மட்டும் சொல்லிரும். அஞ்சு வருசத்துக்கு அக்ரிமெண்ட்டு. வாடக ஏத்தல. இன்னைக்கே."

விஜயசங்கருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. அவர் பார்த்த காசுகளில் இவ்வளவு பெரிய பொறுப்பு எதற்கும் இருந்ததில்லை. ஒரு பக்கம் அவருடைய கடை, மறுபக்கம் மாவட்டத்திலேயே அழகான தலைமுடி. நடுவில் முருகர். வெளியே மசூது வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்று பீரோவுக்குப் பின்னாலிருந்தே கூப்பிட்டார். "முடிஞ்சு வச்சப்ப காசோட வேற எதாவது வச்சீங்களா?"

"எலுமிச்சம்பழம் வச்சேன். கோயில்ல வேல்ல குத்திக் குடுத்தாக. அதயும் சேத்துத்தான் மஞ்சத் துணியில முடிஞ்சேன்."

விஜயசங்கர் இசக்கிதுரையைப் பார்த்தார். இசக்கிதுரை சுவரைப் பார்த்தார். குப்பையில் போட்ட காய்ந்த உருண்டை கொட்டைப்பாக்கு அல்ல என்பது அந்த அனுபவசாலிக்கு அப்போது புரிந்துவிட்டது. தடயத்தை அழித்தவரும் அவரே, குற்றவாளியும் அவரே.

"பித்தளை எலுமிச்சம் சாத்துல ஊறுனா அதுல உள்ள துத்தநாகம் போயிரும் சார். மேல செம்பு மட்டும் நிக்கும். வீட்டுல குத்துவெளக்கு தேய்க்கையில பாத்திருப்பீங்க. அதான் செவப்பு. துணி பட்ட எடத்துல கட்டம் கட்டமா வந்துட்டு." அவருக்கே தெரியாமல் அந்தப் பெருமூச்சு வந்தது. "இது பொறவிக் கோளாறு இல்ல. பொறவு வந்தது. அக்கா முடிஞ்ச காசுதான்."

பீரோவுக்கு அந்தப் பக்கம் மாடத்தி கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. அதைவிட மெதுவாக, "கட் பண்ணட்டுமா சார்?" என்று மசூது கேட்டார்.

இசக்கிதுரை மசூதின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். காசை எடுக்கவில்லை. மாடத்திதான் அதைக் கந்தலோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். "நீங்க நல்லாருப்பீக தம்பி," என்றார். நல்லா இருப்பது இனி எந்தத் தெருவில் என்று விஜயசங்கர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் வரவே இல்லை. கைபேசிக் கடைக்காரர் இரண்டு தடவை வந்து, எதிர்த் திண்ணையில் நின்று கடையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார். விஜயசங்கர் விற்காத பிரேம்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார். வீட்டில் மனைவி தோசையைச் சத்தமாகத் திருப்பினாள்.

ஆடி முடியப்போகும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவர் கடைக்குள் வந்தார். விஜயசங்கர் பெட்டியிலிருந்து நிமிர்ந்து, "சொல்லுங்க, தூரப் பார்வையா கிட்டப் பார்வையா?" என்றார். வந்தவர் முறைத்தார். முறைப்பை வைத்துத்தான் ஆளைத் தெரிந்தது.

"சார், வாங்க சார், உக்காருங்க."

"உக்காரதுக்கு வரல. இந்தக் கண்ணாடியப் பாரும்." பழைய பிரேம் அவர் முகத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. "முடி இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பப் போட்டா ஆந்த மாதிரி இருக்குங்கா அவ. இந்தத் தலைக்கு எது சரி வரும்?"

விஜயசங்கர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இசக்கிதுரை ஒவ்வொரு பிரேமாகப் போட்டுப் பார்த்தார். தங்க நிறத்தில் வாத்தியார் போல இருந்தார், கறுப்பில் வாகனம் ஓட்டுகிறவர் போல, பிரேம் இல்லாததில் யாருமில்லாதவர் போல. அட்டைப் பெட்டியில் கட்டி வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மேசை நிறைந்து, நாற்காலி நிறைந்து, ஸ்டூலும் நிறைந்தது. விஜயசங்கரின் கை கண்ணாடியைப் பிடித்தே மரத்துப் போனது. மசூது வாசலில் நின்று, "சார், அந்த நீலம் ஒங்களுக்கு எடுப்பா இருக்கு," என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் தன் கடைக்குள் போய்விட்டார்.

கடைசியில் இசக்கிதுரை எதையும் எடுக்கவில்லை. பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு எழுந்தார்.

விஜயசங்கர் தைரியத்தைத் திரட்டினார். "சார், அந்த அக்ரிமெண்ட்..."

"இந்தத் தலையோட ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொல்லுதேரா? அங்கன என்ன போட்டோ எடுப்பான்வே. ரிக்கார்டுல நிக்கும்."

"அப்ப எப்ப சார்?"

"முடி வளரட்டும், பாப்போம்."

"எவ்வளவு வளரணும் சார்?"

"சீப்பு நிக்கணும்," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் படியிறங்கினார்.

கைபேசிக் கடைக்காரருக்கும் இதே பதில்தான் போயிருக்கிறது என்று மசூது விசாரித்து வந்து சொன்னார். ஆகவே தென்காசியில் இப்போது இரண்டு பேர், இன்ஸ்பெக்டர் காலையில் நடக்கப் போகிற நேரத்தில் தத்தம் வாசலில் நின்று அவர் தலையைக் கவனிக்கிறார்கள். அவர் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிறார். உள்ளே என்ன நிலவரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விஜயசங்கர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, பெட்டியில் இருக்கிற பிரேம்களை எடுத்து அடுக்குவதா, வெளியே கிடப்பதை எடுத்துப் பெட்டியில் வைப்பதா என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.